காப்பு கட்டிய வாரத்தில் கிளம்பியவள்

பின்லாந்தின் தம்பெரே ஊரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் தளத்துக்கு நான்கு வீடுகள். காலையில் வகுப்புக்குக் கிளம்ப நான் கதவைத் திறக்கும்போது சில நாள் எதிர்வீட்டுக் கதவும் திறக்கும். ஒரு விரற்கடை அளவுதான். அந்த இடுக்கில் ஒரு மூக்குக் கண்ணாடியும் நரைத்த முடியும் தெரியும். என்னைப் பார்த்த மாத்திரத்தில் கதவு மூடிக்கொள்ளும். அறைந்து சாத்துவதெல்லாம் இல்லை. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்கிற கவனத்தோடு, சத்தமே வராமல். நான் படியிறங்கி, வெளிவாசல் கதவு சாத்திய பிறகுதான் அந்த அம்மாள் வெளியே வருவார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டாவது வாரம் சோதனை செய்தே பார்த்தேன். வெளிவாசலைத் திறந்து சாத்திவிட்டு, போகாமல் கீழே சைக்கிள் நிறுத்தும் மூலையில் நின்றுகொண்டேன். மேலே பூட்டு திறந்தது. இறங்கி வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். யாரை யார் பிடித்தோம் என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

எதையும் அப்படியே விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவு திறந்தது. ஏதாவது நடந்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, இது சாப்பிட என்றேன். யாருக்குப் பிறந்தநாள் என்றார். யாருக்கும் இல்லை என்று டப்பாவை நீட்டினேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே ஒரு முறுக்கை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். மீதி டப்பாவோடு நான் வெளியே. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் யுஹாவிடம் போய், அந்தம்மாவுக்கு என் நிறம் பிடிக்கவில்லை என்று பொரிந்து தள்ளினேன். யுஹா பதறிவிட்டான். அப்படி இல்லை, இங்கே எங்களுக்குள்ளும் அப்படித்தான், காலையில் உன்னைக் கட்டாயப்படுத்திப் பேசவைக்கக் கூடாது என்று பார்க்கிறார், அது மரியாதை என்றான். பாதி நம்பினேன். மீதிப் பாதியைக் கையில் வைத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், ஐயோ பாவம், அந்நிய தேசத்தில் பெண்பிள்ளைக்கு முன்னால் கதவடைக்கிறார்களே என்று உச்சுக்கொட்ட வேண்டாம். நான் பார்த்த முதல் கதவடைப்பு இது இல்லை. போன வருடம் படிக்கக் கிளம்புவதற்கு முன் ஒன்றரை மாதம் வீட்டில் விடுமுறையாக இருந்தேன். விடுமுறை என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கிளம்பப் போகிறவளுக்கு ஊர் தருகிற விடுமுறை, சமைத்துப் போடுகிற விடுமுறை இல்லை. கணக்குத் தீர்க்கிற விடுமுறை.

எங்கள் வீடு ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூரில், பழைய ஊருக்குள். பேருந்தில் எங்கள் நிறுத்தத்தில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் 'ஊர்', பாதிப்பேர் 'நகர்'. ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள். நகர் என்றால் அந்த நிலத்தில் பிளாட் வாங்கியவர்கள். நான் ஊரில் பிறந்து நகர்க்காரர்கள் மாதிரி படித்தவள், அதனால் இரண்டு பக்கத்துக்கும் என்னைப் பிடிக்காது. இயந்திரப் பொறியியல் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். அங்கேதான் ஹைட்ராலிக்ஸ் வெறி பிடித்தது. ஒரு விரல் தடிமனுள்ள குழாயில் ஓடும் எண்ணெய், ஒரு லாரியையே தூக்கி நிறுத்துவதை முதல்முறை பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைக் கரைத்துக் குடிக்க உலகத்தில் எங்கே போக வேண்டும் என்று தேடியபோது வந்து நின்ற ஊர் தம்பெரே. சேர்க்கை கிடைத்தது, வேலையை விட்டேன், விசாவுக்காக வீட்டில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவளைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டுப் போனால் என்ன என்று ஒருத்தி. அங்கே பன்றிக்கறிதான் சாப்பிட வேண்டுமாமே என்று ஒருத்தி. போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்று, துபாயிலிருந்து திரும்பி வந்த மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒருத்தி. நான் எல்லோருக்கும் பதில் சொன்னேன். சூடாகத்தான் சொன்னேன். அம்மா ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து காபி டம்ளரைத் தரையில் 'டக்' என்று வைத்து என்னை நிறுத்துவாள்.

இவர்களில் தலையானவர் என் சித்தப்பா ஏகாம்பரம். அப்பா, நான் பிளஸ் டூ படிக்கும்போது காலமாகிவிட்டார். அதிலிருந்து ஊர்க் காரியங்களில் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தலை அவர்தான். பொன்னியம்மன் கோயில் விழாக் கமிட்டிக்கும் அவரே தலைவர். பிழைப்புக்கு இரண்டு வண்டி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் யார் வெளிநாடு போனாலும் ஏர்போர்ட்டுக்கு அவர் வண்டிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே பேசுவார்.

"இன்னாமா ஊரு அது, தம்பெரேவா? அதுக்கு இன்னாத்துக்கு ப்ளைட்டு? தாம்பரத்துக்குதான் எலெக்ட்ரிக் ட்ரெயின் கீதே."

ஹைட்ராலிக்ஸ் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். நானும் முட்டாள்தனமாக உற்சாகப்பட்டு, அழுத்தம், பரப்பு என்று கையை ஆட்டி விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "கொழா ரிப்பேரு தானே, அதுக்கு நம்ம ஊர்லயே ஆள் கீறான்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். தெருவே சிரித்தது. அன்று முதல் எங்கள் தெருவில் என் பெயர் யாமினி இல்லை, கொழா ரிப்பேர்.

ஆடி பிறந்து விசா வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மொழி வகுப்பு என்பதால் உடனே டிக்கெட் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விமானம். சித்தப்பாவிடமே டிக்கெட்டைப் போனில் காட்டி வண்டி கேட்டேன், சரி என்றார். இரண்டு நாள் கழித்துக் கோயில் மைக்செட்டில் அவர் குரலே அறிவித்தது. வழக்கமாக ஆடி கடைசி ஞாயிறு நடக்கும் கூழ் ஊற்றும் விழா இந்த வருடம் இரண்டு வாரம் முன்னதாக நடக்கும், வரும் வெள்ளிக்கிழமை காப்பு.

நகர்க்காரர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் இது புரியாது, சொல்கிறேன். விழா ஞாயிறுக்கு ஒன்பது நாள் முன்னால் வரும் வெள்ளிக்கிழமை மாலை அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிய நொடியில் எல்லைக்குள் இருக்கிற அத்தனை பேரும் கட்டுப்பட்டவர்கள். விழா முடிந்து காப்பு இறக்கும்வரை பகலில் வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். ஆனால் விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். ஓர் இரவும் வெளியே தங்கக் கூடாது. ஐ.டி. கம்பெனிக்கு இரவு ஷிப்ட் போகும் பையன்கள்கூட அந்த நாட்களில் லீவு போடுவார்கள். என் விமானம் ஞாயிறு அதிகாலை மூன்றரைக்கு. அதாவது சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். விழாவும் அதே ஞாயிற்றுக்கிழமை. காப்புக்குள் என் பயணம்.

கோயிலுக்கு நேராகப் போனேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து மூங்கிலை எங்கே ஊன்றுவது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என் பயணத் தேதி தெரிந்தும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப்போடு என்றார், ஏதோ மாநகரப் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்து என்பது போல. முடியாது என்றேன். என் மேல் இருக்கிற கடுப்புக்கு அம்மனை ஏன் இழுக்கிறீர்கள் என்றும் கேட்டேன். பந்தல்காரர்கள் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா குரலை உயர்த்தவே இல்லை.

"போவணும்னா போ. காப்பு கட்ன ஊர்ல இர்ந்து நீ எல்ல தாண்டி போய்ட்டப்புறம், எவன் ஊட்லயோ ஒரு கொழந்தைக்கு அம்ம போட்டா, எவனோ பைக்ல இர்ந்து உழுந்தா, யார் வாசல்ல வந்து நிப்பாங்க தெரிமா? உன் வாசல்ல இல்ல. நீதான் ஏரோப்ளேன்ல கீறியே. அண்ணி வாசல்ல."

அம்மா எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் தைக்கிறாள், காலையில் போய் மாலையில் வருகிறாள், அந்தத் தெருவில் தனியாக இருக்கப் போகிறாள். என்னிடம் இருந்தது இரண்டே ஆசை. கடைசி நாட்களை என் வீட்டில் தூங்கிக் கழிக்க வேண்டும். அம்மா ஏர்போர்ட் வாசல்வரை வந்து என்னை அனுப்ப வேண்டும். உலகத்தில் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிற சாதாரண விஷயம். இரண்டையும் ஒரு மஞ்சள் கயிறு தட்டிப் பறித்துக்கொண்டு போனது.

திரும்பி வரும் வழியில் நகரில் பிளாட் வாங்கியிருக்கும் சேலத்துக்காரர் ஒருவர் மறித்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியவில்லை, நீ படித்த பெண், உங்கள் ஆட்களிடம் எடுத்துச் சொல்லம்மா, இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் இல்லையா என்றார். ஐந்து நிமிடம் முன்னால் நான் மனதுக்குள் சொன்ன அதே வார்த்தை. என்ன ஆயிற்றோ, அவர் நிற்கிற இடம் எங்கள் தாத்தாவின் களத்துமேடு என்றும், காது வலித்தால் சேலத்தில் போய் வேலை பார்க்கலாம் என்றும் கத்திவிட்டு வந்தேன். கத்திய பிறகும் கோபம் இறங்கவில்லை. யாருக்காகச் சண்டை போட்டேன் என்று எனக்கே தெரியாமல் போன கோபம் அது.

வழி கடைசியில் பூசாரியிடமிருந்து கிடைத்தது. காப்பு கட்டும் நேரத்தில் எல்லைக்கு வெளியே இருப்பவர்களைக் காப்பு கட்டாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நான் ஊரை விட்டுப் போய்விட்டால் மீறலே இல்லை. என்னோடு வேலை பார்த்த திவ்யா, எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். அங்கே போய்விடலாம். நான் இன்னும் ஒரு படி யோசித்தேன். அம்மாவும் என்னோடு வந்துவிட்டால் அவளுக்கும் காப்பு இல்லை, ஏர்போர்ட்டுக்கு வரலாம். துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் வர முடியாது. சட்டி எடுக்கறேன்னு வேண்டிகினு கீறேன்."

தீச்சட்டி. எரியும் சட்டியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வரும் வேண்டுதல். எதற்கு என்று கேட்டேன். விசா வருவதற்கு என்றாள். அடையாறில் கைரேகை கொடுத்துவிட்டு வந்து பதில் வராமல் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் வேண்டியிருக்கிறாள். வேண்டியவர்கள் காப்புக்குள் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் கையிலேயே கயிறு கட்டுவார்கள். நான் போக வேண்டும் என்று அவள் வேண்டியதே அவள் என்னை அனுப்ப வர முடியாதபடி கட்டிப் போட்டுவிட்டது. உன்னை யார் கேட்டது என்று கத்தினேன். யாரும் கேக்கல என்று கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைவரை நாங்கள் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் இரண்டு பேரும் பெட்டியைச் சுற்றி நடந்தோம். அவள் வைத்ததை நான் எடுத்தேன், நான் எடுத்ததை அவள் வைத்தாள்.

காப்பு கட்டும் நாள் காலையில் பம்பையோடு கமிட்டி வீடு வீடாக வரும். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று கேட்பார்கள். அந்த வீட்டில் யார் யார் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று ஊருக்கே தெரிய வேண்டும். எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் கூடத்தில் பெட்டிக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உள்ள எத்தினி அண்ணி?"

"ஒண்ணு."

சித்தப்பாவுக்கு நான் தெரிந்தேன். தெரிந்தும் கேட்டார். "வெளிய?"

அம்மா கொஞ்சம் தயங்கியிருக்கலாம். பம்பை அடிப்பவர் கை ஓங்கியபடி நின்றதால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். "ஒண்ணு" என்றாள். பம்பை அடித்தது. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றினேன். அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் எங்கே போகிறாய் என்ற கேள்வி காதில் விழாமல் நான் கிளம்பிய ஒரே நாள் அது.

திவ்யா கோவில்பட்டிக்காரி. நான் போய் இறங்கியதும் சட்டங்களையெல்லாம் கேட்டுக்கொண்டு, விசா கொடுக்கிறவர்கள் உங்கள் கமிட்டியிடம் பாடம் படிக்க வேண்டும் என்றாள். அன்று இரவு அம்மாவோடு பேசும்போது போனுக்குள்ளிருந்து மைக்செட் கேட்டது. நாள் முழுக்க நான் திட்டிய அதே சத்தம். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கோவில்பட்டியில இருந்து வந்தப்ப நான்கூட இப்படி அழல. நீ ஆவடியில இருந்து வந்துட்டு அழுதுகிட்டு இருக்க" என்றாள் திவ்யா. கோபத்தில் கண் கலங்கியது என்று சொன்னேன். சரி, கோபம்தான் என்றாள். பிற்பாடு இங்கே வந்து முதல் மாதம் எல்லோரும் என்னிடம், ஊர் ஏக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, அதை நான் மண்ணூர்பேட்டையிலேயே முடித்துவிட்டேன் என்று சொல்லத் தோன்றியது. ஒரே பேருந்துத் தடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக முடியாமல் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தவளுக்குப் பின்லாந்து ஒன்றும் தூரமில்லை.

நான் கிளம்ப வேண்டிய சனிக்கிழமை அம்மாவுக்கு அரை ஷிப்ட். மூன்று மணிக்கு மேல் அம்மா வந்தாள், மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்புக்கு. மஞ்சள் புடவை, மணிக்கட்டில் காப்பு, காலில் செருப்பு இல்லை. தார் சாலையில் வெறுங்காலோடு எஸ்டேட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். மாடிக்கு வா என்றேன். சட்டி எடுக்கும்வரை வெளியார் வீட்டுக்குள் போகக் கூடாது என்றாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். நிழற்குடையின் கீழே, பேருந்துக்குக் காத்திருக்கும் கம்பெனிப் பெண்களுக்கு நடுவே நின்றோம். எனக்கு அன்பாக ஒன்றும் வரவில்லை. உன் கொழுந்தன் நினைத்ததைச் சாதித்துவிட்டார், சந்தோஷமா என்று ஆரம்பித்தேன். அவர் வண்டியில் போகவில்லை, வேறு வண்டி பிடித்துவிட்டேன் என்றேன். இனி அவர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன். அம்மா சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் இல்லடி. நான்தான் தேதிய முன்னால போட சொன்னேன்."

நீயா, ஏன் என்றேன்.

"ஞாயித்துக்கெழம ப்ளைட்டுனு தானே சொன்ன. ஞாயித்துக்கெழமனா ராத்திரினு நெனச்சிகினேன். காத்தால நான் சட்டி எடுக்கறத பாப்ப. மத்தியானம் கூழு குடிப்ப. பொழுது சாயறதுக்குள்ள காப்பு எறக்கிடுவாங்க, நானும் உங்கூட வண்டில வரலாம்னு. நீ இல்லாத அப்ப சட்டி எடுத்து நான் யாருக்கு காட்டறது? அதான் ஏகாம்பரத்தாண்ட போயி சொன்னேன். செரினு சொல்லிட்டான்."

ஞாயிறு அதிகாலை விமானம் என்றால் சனிக்கிழமை இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும் என்பது, வாழ்க்கையில் யாரையும் அனுப்பிவைத்திராத என் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் பிழைப்பே அது. மூன்றரை மணி என்று என் டிக்கெட்டில் தன் கண்ணால் பார்த்தவர். அம்மா கணக்கு தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் 'செரி' என்றிருக்கிறார். அந்த ஒரு 'செரி'யை நான் மன்னிக்கப் போவதில்லை. இதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். நம்பவில்லை. அவன் ஏன் அப்படிச் செய்யப் போகிறான் என்றாள். நான் விடவில்லை, டிக்கெட் காட்டிய நாள், நின்ற இடம், அவர் 'சரி' என்று சொன்னது என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். அம்மா கடைசியில் என் பக்கம் திரும்பினாள். நம்பிவிட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதைவிட மோசமாக, முன்பே சந்தேகப்பட்டிருக்கிறாள் என்றும் தெரிந்தது.

"உட்றி. நீ போய்டுவ. நாள பின்ன எனக்கு ஒண்ணுனா அவன்தான் வந்து நிக்கணும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அப்போதுதான் கேட்டேன், பம்பைக்காரர்கள் முன்னால் என்னை வெளியே என்று எப்படிச் சொன்னாய் என்று. பின்ன இன்னானு சொல்றது என்றாள்; வெளியதானே போற. ஆவடி பஸ் வந்தது. அடுத்ததில் போ என்றேன். திருமுல்லைவாயில் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டால் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர முடியாது என்றாள். கையைப் பிடித்தேன். காப்புக் கயிற்றில் என் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள், தீட்டுக்குப் பயந்தா, அழுகைக்குப் பயந்தா தெரியாது. முன்வாசல் வழியாக ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை. என்னை வழியனுப்ப வந்தவளை நான் வழியனுப்பிவிட்டு நின்றேன். ஏர்போர்ட்டுக்குத் திவ்யா வந்தாள்.

மறுநாள் அம்மா வெறும் கையில் நெருப்பை ஏந்தி வெறுங்காலில் ஊரைச் சுற்றிய நேரத்தில், நான் மேகத்துக்கு மேலே, விமானத்தில் கொடுத்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, தட்டில் வைத்த ரொட்டியைத் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கை சுட்டதா என்று பிறகு போனில் கேட்டேன். வேண்டிகினு எடுத்தா சுடாது என்றாள். அடுத்த வாரம் வீடியோவில் பேசும்போது இரண்டு கையையும் திரைக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு வருடம் ஆகிறது. சித்தப்பாவோடு நான் பேசுவதில்லை. அவர் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாராம், எங்க அண்ணன் பொண்ணு பாரின்ல கீது என்று வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். எனக்கு அது இன்னும் எரிகிறது. இங்கே என்னைத் தெரியாதவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். அங்கே சாத்தியவர் என் பெயரைத் தன் வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிகிறார். இரண்டில் எது மேல் என்று கேட்டால் சாத்தட்டும், பேசாமல் சாத்தட்டும் என்றுதான் சொல்வேன்.

இந்த வருடக் காப்பு போன வெள்ளிக்கிழமை கட்டினார்கள். அன்று மதியம், ஊரில் சாயங்காலம், அம்மா கூப்பிட்டாள். குரலில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. காலையில் பம்பையோடு வந்து உள்ளே எத்தனை என்று கேட்டார்களாம். அம்மா இரண்டு என்றாளாம். சித்தப்பா சிரித்திருக்கிறார்.

"ரெண்டுனா, ரெண்டு பேரும் வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டாண்ட இருக்கணும் அண்ணி."

"இருப்பா" என்றாளாம் அம்மா. தெரு முழுக்கக் கேட்கும்படி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் பொய் சொன்னாய், நாளைக்கு ஊரில் ஏதாவது ஆனால் உன் வாசலில் வந்து நிற்பார்கள் என்று, ஒரு வருடத்துக்கு முன் சித்தப்பா சொன்ன அதே வார்த்தைகளை நானே சொல்லிக் கத்தினேன். நிக்கட்டும் என்றாள். போன வருசம் வெளியனு சொன்ன வாய்க்கு அப்பறம் சோறே எறங்கல என்றாள். பிறகு, கடைக்குப் போய்வரச் சொல்வது போல, நீ எங்கனா இரு, பத்து நாளைக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுக்கு போய்டு, அவ்ளோதான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் ஆய்வகத்தில் ஹைட்ராலிக் பம்பை நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பிவிடுகிறேன். யுஹா கேட்டான், காதலனா என்று. வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் என்றேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். இந்த மாதத்தில் இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது. எப்போது விளக்கு வைப்பார்கள் என்று கேட்டான். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை வழியாக வேகமாக நடந்து, கட்டடத்துக்கு வந்து சாவியை எடுக்கிறேன். மாடிப்படியில் இருப்பது ஆள் நுழைந்ததும் தானே எரிகிற விளக்கு. வெளிவாசலில் சாவியோடு நிற்கிறேன். என் முதுகில் இன்னும் வெயில். உள்ளே ஒரு கால் வைத்தால் விளக்கு எரிந்துவிடும்.